குப்பிக்குள் இரண்டாம் நொதிப்பு: 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சைடரைக் குப்பியிடலும் நுரையூட்டலும்

ஆய்வுச்சுருக்கம்

நொதித்து முடிந்த மதுவைச் சிறிதளவு சர்க்கரையுடன் குப்பியில் அடைத்து, அதனுள்ளேயே மீண்டும் நொதிக்கச் செய்து நுரையூட்டும் முறை இன்று ஷாம்பெயின் மதுவோடு இணைத்தே பேசப்படுகிறது. அதனைத் தோம் பெரிஞோன் என்னும் பிரெஞ்சுத் துறவியின் கண்டுபிடிப்பாகக் கூறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அண்மைக் காலத்தில் அவ்விடத்தில் கிறிஸ்டோபர் மெரெட் என்னும் ஆங்கில மருத்துவர் வைக்கப்பட்டார். இம்முறை தனியொருவரின் கண்டுபிடிப்பு அன்று என்பதையும், மேற்கு இங்கிலாந்தின் ஆப்பிள் தோட்டங்கள், நிலக்கரிக் கண்ணாடி உலைகள், இறக்குமதிச் சர்க்கரை, மது வணிகர்களின் பழக்கம், இராயல் சொசைட்டியின் பதிவு முறை ஆகியன ஒன்றுகூடியதன் விளைவே என்பதையும் சைடர் பற்றிய சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சைடர், நொதித்தல், கண்ணாடிக் குப்பி, நிலக்கரி உலை, சர்க்கரை, இராயல் சொசைட்டி, அறிவியல் வரலாறு.

முன்னுரை

ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துப் பெறும் மது சைடர் எனப்படுகிறது. பிழிந்த சாறு மிடாவில் நொதிக்கும்போது அதிலுள்ள சர்க்கரை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. மிடாவின் வாய் திறந்திருப்பதால் வாயு வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது நுரையற்ற மது. அம்மதுவைச் சிறிதளவு சர்க்கரையுடன் குப்பியில் அடைத்து இறுக மூடினால், அதில் தங்கியுள்ள ஈஸ்ட் அச்சர்க்கரையை உண்டு மீண்டும் வாயுவை வெளியிடும். வெளியேற வழியற்ற அவ்வாயு மதுவிலேயே கரைந்து நிற்கும். குப்பியைத் திறக்கும்போது நுரையாகப் பொங்கும். வீட்டில் முதன்முறையாகச் சைடரைக் குப்பியிடுவோர் இன்றும் பின்பற்றுவது இம்முறையையே.

இம்முறையின் தோற்றத்தை ஆராயுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நொதித்தல் முற்றுப்பெறாத எந்த மதுவை அடைத்து வைத்தாலும் அது நுரைக்கும். இது தற்செயலாகவும் நிகழக்கூடியது; எக்காலத்திலும் எவ்விடத்திலும் நிகழ்ந்திருக்கக்கூடியது. எனவே நுரையின் தோற்றத்தைத் தேடுவதால் பெறும் பயன் சிறிது. நொதித்து அடங்கிய மதுவை வேண்டுமென்றே, சர்க்கரையின் அளவைக் கருதி, மீண்டும் நொதிக்கச் செய்யும் வழக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதே வரலாற்று வினாவாக அமையும். தற்செயல் நிகழ்வு முறையாக மாறியதன் வரலாறே இங்கு ஆராயப்படுகிறது.

ஆப்பிள் தோட்டமும் அறிஞர் வட்டமும்

இங்கிலாந்தின் தட்பவெப்பம் திராட்சைக்குப் பெரிதும் உகந்ததன்று. ஆகவே செல்வர் அருந்திய மதுவின் பெரும்பகுதி பிரான்சு, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்தே வந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்நிய மதுவுக்கு ஈடாக உள்நாட்டுக் கனிமதுவை உயர்த்தவேண்டும் என்ற கருத்து வேளாண் சீர்திருத்தத்தில் நாட்டங்கொண்டிருந்த அறிஞரிடையே வலுப்பெற்றது. சாமுவேல் ஹார்ட்லிப்பைச் சூழ்ந்திருந்த கடித வட்டம் இதில் குறிப்பிடத்தக்கது. ரால்ஃப் ஆஸ்டன் 1653இல் பழமரங்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஹெரெஃபோர்ட்ஷயரில் பிறந்த ஜான் பீல், தம் மாவட்டத்துப் பழத்தோட்டங்களை நாடு முழுமைக்கும் முன்மாதிரியாகக் காட்டும் சிறுநூல் ஒன்றை 1657இல் வெளியிட்டார்.

ஹோம் லேசி என்னும் ஊரைச் சார்ந்த ஸ்கூடமோர் பிரபு 1635 முதல் 1639 வரை பாரிசில் ஆங்கிலத் தூதராக இருந்தவர். ஹெரெஃபோர்ட்ஷயரில் ரெட்ஸ்ட்ரீக் என்னும் ஆப்பிள் வகை பரவியதற்கு அவரே காரணர் என அக்காலத்தோர் போற்றினர். ரெட்ஸ்ட்ரீக் உண்பதற்கு ஏற்றதன்று; அதன் சாறோ சிறந்த சைடரைத் தந்தது. ஸ்கூடமோர் குடும்பச் சின்னம் பொறித்த உயரமான, குறுகிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. உழவரின் பானமாகக் கருதப்பட்ட சைடர் பிரபுக்களின் மேசைக்கு ஏறியதை இக்கிண்ணம் காட்டுகிறது. விலையுயர்ந்த கண்ணாடியில் அருந்தத்தக்க பானம் எனச் சைடர் மதிக்கப்பட்ட பின்னரே அதனைக் குப்பியிடும் செலவும் உழைப்பும் பொருளுடையனவாயின.

மிடாவில் வைத்த சைடருக்கு ஒரு பெருங்குறை உண்டு. மிடாவைத் திறந்து சிறிது சிறிதாக எடுக்கும்போது உட்புகும் காற்று மதுவைப் புளிக்கச் செய்து காடியாக்கிவிடும். குப்பியிடலின் முதல் நோக்கம் இதனைத் தடுத்தலே. இலையுதிர் காலத்தில் பிழியப்பட்ட சாறு குளிர்காலம் முழுவதும் மெல்ல நொதிக்கும். கடுங்குளிரில் நொதித்தல் அடங்கியதுபோல் தோன்றும். அந்நிலையில் குப்பியிட்டால், வேனில் வெப்பம் ஏறும்போது எஞ்சிய சர்க்கரையில் நொதித்தல் மீண்டும் தொடங்கும். பாதுகாப்பிற்காக மேற்கொண்ட குப்பியிடல் நுரையையும் உடன்கொணர்ந்தது. விரும்பாமல் வந்த அந்நுரை பின்னர் விரும்பப்படும் பண்பாயிற்று.

நிலக்கரி உலையும் வலிய குப்பியும்

நுரைக்கும் மதுவை அடைக்கக் குப்பி வலியதாக இருத்தல் வேண்டும். விறகு உலைகளில் உருவான மெல்லிய கண்ணாடி உள்ளழுத்தத்தைத் தாங்காது. ஆங்கிலக் கண்ணாடி வலிமை பெற்றதன் பின்னணியில் ஓர் அரசாணை உள்ளது. கடற்படைக்கு வேண்டிய மரம் அழிந்துவருகிறது என்ற அச்சத்தால், கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1615இல் தடைசெய்தார். அதன்பின் கண்ணாடித் தொழிலின் தனியுரிமை சர் இராபர்ட் மான்செல் என்னும் கடற்படைத் தளபதியின் கைக்கு வந்தது. உலைகள் நிலக்கரிக்கு மாறின.

நிலக்கரி உலையின் வெப்பம் மிகுதி. அவ்வெப்பத்தில் உருகிய கண்ணாடியைத் தடித்த சுவரும் உள்நோக்கிக் குழிந்த அடியும் உடைய குப்பிகளாக ஊத முடிந்தது. கரும்பச்சையும் கறுப்பும் கலந்த நிறமுடைய இவற்றின் கழுத்தில் ஒரு வளையம் ஒட்டப்பட்டிருந்தது. தக்கையைக் கயிற்றால் இறுகக் கட்ட அவ்வளையம் பயன்பட்டது. பிரெஞ்சுக்காரர் இக்கண்ணாடியை ‘ஆங்கிலக் கண்ணாடி’ என்றே வழங்கினர்.

இக்குப்பியை உருவாக்கியவராகச் சர் கெனெல்ம் டிக்பி சுட்டப்படுகிறார். ஜான் கோல்நெட் என்பவர் குப்பித் தயாரிப்புக்குக் காப்புரிமை கோரியபோது அது குறித்து விசாரணை நிகழ்ந்தது. டிக்பியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் இக்குப்பிகளை உருவாக்கினார் என்றும், அவற்றைச் செய்ய அவர் அமர்த்திய தொழிலாளருள் ஒருவரே கோல்நெட் என்றும் 1662இல் முடிவுசெய்யப்பட்டது. இத்தீர்ப்பு டிக்பியின் உரிமையை நிலைநாட்டியது. அதேவேளையில், உலையின் முன்னின்று குப்பியை ஊதிய கைகள் வேறு என்பதையும் அதே ஆவணம் வெளிப்படுத்துகிறது. வடிவமைப்பின் பெருமை பிரபுவுக்கு உரியதாயிற்று. கைத்திறன் கொண்ட தொழிலாளி வழக்கில் தோற்றவராகவே வரலாற்றில் பதிவானார்.

1662: மூன்று ஏடுகள்

இராயல் சொசைட்டி தன் முதல் அரசுப் பட்டயத்தைப் பெற்ற ஆண்டு 1662. நுரைக்கும் மதுவின் வரலாற்றுக்கு இன்றியமையாத மூன்று ஏடுகள் இவ்வாண்டைச் சுற்றியே அமைகின்றன.

முதலாவது, மெரெட்டின் அறிக்கை. மதுவைப் பக்குவப்படுத்தும் முறைகள் குறித்து அவர் 1662 டிசம்பரில் சொசைட்டியில் அளித்த இவ்வறிக்கை, எல்லா வகை மதுவிலும் சர்க்கரையையும் சர்க்கரைப் பாகுக் கழிவையும் மிகுதியாகக் கலந்து அவற்றைத் துடிப்புள்ளனவாகவும் நுரைப்பனவாகவும் ஆக்குதல் அண்மைக்கால மதுத் தொழிலாளரின் வழக்கம் எனக் குறிப்பிடுகிறது. அதே ஆண்டில், அந்தோனியோ நெரி இத்தாலிய மொழியில் 1612இல் வெளியிட்ட கண்ணாடிக்கலை நூலையும் மெரெட் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மதுவும் கண்ணாடியும் ஒரே அறிஞரின் மேசையில் ஒரே ஆண்டில் சந்தித்தன.

இரண்டாவது, பீலின் குறிப்புகள். அப்போது சோமர்செட்டின் யோவில் நகரில் சமயகுருவாக இருந்த பீல், சைடர் பற்றிய கருத்துகளைச் சொசைட்டிக்கு எழுதியனுப்பினார். சைடரை மேம்படுத்தும் வழிகளுள் ஒன்றாகக் குப்பியிடலை அவர் கூறுகிறார். குப்பிதோறும் இரண்டு மூன்று உலர்திராட்சைகளைச் சிலர் இடுவர் என்றும், சோமர்செட்டில் அக்ரூட் கொட்டை அளவு சர்க்கரை இடுவதைத் தாம் கண்டதாகவும் குறிப்பிடுகிறார்.

மூன்றாவது, ஜான் ஈவ்லினின் ‘சில்வா’. கடற்படைக்குரிய மரப் பற்றாக்குறை பற்றிய வினாக்களுக்கு விடையாக 1662இல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டு, 1664இல் நூலாக வெளிவந்தது. அதன் பின்னிணைப்பாகிய ‘பொமோனா’ சைடர் பற்றியது. பீல், சர் பால் நீல், தளபதி சைலஸ் டெய்லர் முதலியோரின் கட்டுரைகள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. 1615இல் விறகைத் தடைசெய்து வலிய கண்ணாடிக்கு வழிவகுத்த அதே மரப் பற்றாக்குறையே, அரைநூற்றாண்டுக்குப் பின் சைடர் அறிவைத் தாங்கிய இந்நூலுக்கும் காரணமாயிற்று என்பது கருதத்தக்கது.

‘பொமோனா’வில் டெய்லர் தரும் வருணனை சிறப்புடையது. ஹெரெஃபோர்ட்ஷயரில் குளிர்ந்த ஊற்றுநீரில் குப்பிகளை வைத்துக் காத்த சைடர், கிண்ணத்தில் ஊற்றும்போது ஒளிரும் மஞ்சள் நிறத்துடன் வரும் என்றும், நுண்குமிழிகள் தோன்றிச் சீறும் ஒலியுடன் விரைந்து மறையும் என்றும் அவர் எழுதுகிறார். அக்குமிழிகளைக் குறிக்க அவர் கையாளும் சொல் மது வணிகருக்குரியது என்பதையும் அவரே சுட்டுகிறார். தோட்டக்காரரின் பானத்தை வருணிக்க வணிகரின் கலைச்சொல் கடன்பெறப்பட்டது எனின், இரு தொழில்களுக்கும் இடையே அறிவுப் பரிமாற்றம் நிகழ்ந்தது என்பதற்கு இதனினும் நல்ல அகச்சான்று தேவையில்லை.

அளவு என்னும் சிக்கல்

பீல் குறிக்கும் ‘அக்ரூட் அளவு’ கூர்ந்து நோக்கத்தக்கது. 4 கிராம் சர்க்கரை முழுமையாக நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கரியமில வாயு கிட்டும். இது இயல்பான காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1 லிட்டர் இடத்தைக் கொள்ளும். எனவே 1 லிட்டர் மதுவில் இடும் ஒவ்வொரு 4 கிராம் சர்க்கரையும் அம்மதுவின் பருமனுக்கு நிகரான வாயுவை அதில் சேர்க்கிறது எனலாம்.

‘அக்ரூட்’ என்பது ஓட்டோடு கூடிய முழுக்கொட்டையைக் குறிப்பதாயின், அந்தப் பருமனுள்ள கட்டிச் சர்க்கரை தோராயமாக 20 கிராம் இருக்கும். உட்பருப்பை மட்டும் குறிப்பதாயின் 6 அல்லது 7 கிராமே இருக்கும். குப்பி ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்வது எனக் கொண்டால், பின்னது ஒன்றரை மடங்கு வாயுவைச் சேர்க்கும். நொதித்த சைடரில் முன்னரே கரைந்திருக்கும் வாயுவோடு சேர்ந்து இது இன்றைய மென்னுரைச் சைடரின் நிலையாகும். முன்னதோ ஐந்து மடங்கு வாயுவைச் சேர்க்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரை இடும் இன்றைய ஷாம்பெயின் முறைக்கு இது அருகில் நிற்கிறது. ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கு இடையே இனிய பானமும் வெடிக்கும் குப்பியும் அடங்கியுள்ளன.

இடப்பட்ட சர்க்கரை மட்டுமன்றி, சைடரில் எஞ்சியிருந்த சர்க்கரையும் கணக்கில் சேரும். நொதித்தல் முற்றுப்பெற்றதா என்பதைச் சுவையாலும் ஒலியாலும் தெளிவாலும் மட்டுமே அன்றைய சைடர் செய்வோர் மதிப்பிட்டனர். ‘பொமோனா’வில் நீல் எழுதிய பகுதி இதனாலேயே முதன்மை பெறுகிறது. காலத்திற்கு முன் குப்பியிடுதலே குப்பிகள் உடைவதற்குக் காரணம் என உணர்ந்த அவர், வண்டலிலிருந்து சைடரைப் பிரித்து வேறு கலத்துக்கு மாற்றித் தெளியவைத்த பின்னர்க் குப்பியிடுவதை வலியுறுத்தினார். வண்டலில் இருப்பது ஈஸ்ட் என்பதை அவர் அறியார். எனினும் வண்டல் குறைந்தால் நொதித்தலின் வேகம் குறையும் என்ற நடைமுறை உண்மையை அவர் பற்றிக்கொண்டார்.

ஜான் வொர்லிட்ஜ் 1676இல் வெளியிட்ட ‘வினெட்டம் பிரிட்டானிக்கம்’ இவ்வனுபவத்தை மேலும் ஒழுங்குபடுத்தியது. தக்கை காய்ந்து சுருங்காதிருக்கக் குப்பிகளைக் கிடத்தி வைத்தல், தக்கையின் குறைகள், குப்பியின் வாய்க்கேற்பத் தேய்த்துப் பொருத்திய கண்ணாடி அடைப்பான் ஆகியன அதில் பேசப்படுகின்றன. குப்பியும் அடைப்பானும் சேமிக்கும் இடமும் இணைந்த ஒரு தொழில்நுட்பமாகவே அவர் குப்பியிடலை நோக்கினார்.

இவ்வறிஞர்களின் அறிவு காரண விளக்கம் இன்றியே செயற்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது. லேவன்ஹுக் ஈஸ்ட்டின் உருண்டை வடிவங்களை நுண்நோக்கியில் கண்டது 1680இல். அவை உயிருள்ளவை என வாதிடப்பட்டது 1830களில். நொதித்தலை உயிரியக்கமாகப் பாஸ்டர் நிறுவியது 1857க்குப் பின்னர். சர்க்கரையை அளந்து நுரையைக் கட்டுப்படுத்தும் கணக்கை ஷாலோன் நகர மருந்தாளர் பிரான்சுவா வகுத்ததும் 1830களில்தான். அதுவரை ஷாம்பெயின் நிலவறைகளில் குப்பிகள் வெடிப்பது இயல்பாக இருந்தது. தொழிலாளர் இரும்பு முகமூடி அணிந்து பணிபுரிந்தனர். ஆகவே 17ஆம் நூற்றாண்டினர் விட்டுச்சென்றது ஒரு முறை. அதன் கணக்கு நிறைவுபெற மேலும் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சர்க்கரையின் வழி

குப்பியில் இட்ட சர்க்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1640களிலிருந்து பார்படோஸ் தீவில் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்கள் விரைந்து பெருகின. அங்கு வெட்டுதலும் ஆலையாட்டலும் காய்ச்சுதலும் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் உழைப்பால் நடந்தன. ஆப்பிரிக்க வணிகத்துக்கான அரச நிறுவனம் பட்டயம் பெற்றது 1660இல். மெரெட் குறிப்பிடும் ‘மிகுதியான’ சர்க்கரையும் கழிவுப்பாகும் இலண்டன் மது வணிகருக்கு எட்டிய பின்புலம் இதுவே. உள்நாட்டுப் பானம் எனப் போற்றப்பட்ட சைடரின் நுரையில் கடல்கடந்த அடிமை உழைப்பும் கலந்திருந்தது. அந்நிய மதுவுக்கு மாற்றாகச் சைடரை முன்வைத்த எழுத்துகள் தோட்டத்தையும் கனியையும் விரிவாகப் பேசுகின்றன. சர்க்கரையையோ கொட்டையின் அளவாக மட்டுமே குறித்துச் செல்கின்றன.

முதற்கண்டவர் என்னும் கேள்வி

தோம் பெரிஞோன் 1668இல் ஓவிலேர் மடத்தின் பொருட்காப்பாளராகப் பொறுப்பேற்று 1715இல் மறைந்தார். மெரெட்டின் அறிக்கையும் பீலின் குறிப்புகளும் அவர் பொறுப்பேற்கும் முன்னரே எழுதப்பட்டவை. அவரே நுரைமதுவைக் கண்டறிந்தார் என்ற கதையைப் பரப்பியது, அம்மடத்தைச் சார்ந்திருந்த தோம் குரொசார் 1821இல் எழுதிய கடிதமாகும். பெரிஞோனின் உண்மைப் பணி திராட்சைகளைத் தேர்ந்து கலப்பதில் இருந்தது. நுரையை அவர் ஒரு குறையாகவே கருதினார் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

1998இல் டாம் ஸ்டீவன்சன் மெரெட்டின் அறிக்கையைப் பரவலான கவனத்துக்குக் கொணர்ந்தபின், பெருமை மெரெட்டுக்கு உரியது என்ற கருத்து வலுப்பெற்றது. காலவரிசையை இது திருத்தியது உண்மையே. ஆயினும் பழைய கதையின் கட்டமைப்பு மாறவில்லை. ஒரு நாயகனின் இடத்தில் மற்றொரு நாயகன் வைக்கப்பட்டார். மெரெட் தம்மைக் கண்டுபிடிப்பாளராகக் கூறிக்கொள்ளவில்லை. மதுத் தொழிலாளர் செய்வதாகவே கூறினார். பீலும் தாம் சர்க்கரை இட்டதாகக் கூறவில்லை. சோமர்செட்டில் பிறர் இடுவதைக் கண்டதாகவே கூறினார். டெய்லர் வணிகரின் சொல்லைக் கடன்பெற்றார். இம்மூவரின் வாக்குமூலமும் தமக்கு முந்தைய, பெயரற்ற நடைமுறையையே சுட்டுகின்றன. பதிவு செய்தவரைக் கண்டுபிடித்தவராகக் கொள்ளுதல், சான்று சொல்வதற்கு மாறாக அதனை வாசிப்பதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. சைடரைக் குப்பியிடல் மதுவைக் காக்கும் நோக்கில் தொடங்கியது. நுரை அதன் உடன்விளைவாக வந்து பின்னர் நோக்கமாயிற்று. மரப் பற்றாக்குறை குறித்த அரசின் அச்சம் நிலக்கரிக் கண்ணாடிக்கும், சைடர் அறிவைத் தொகுத்த ‘பொமோனா’வுக்கும் பொதுக் காரணியாக அமைந்தது. 1660களின் ஏடுகள் குப்பிக்குள் சர்க்கரையிடும் வழக்கத்தை உறுதிசெய்கின்றன. அவ்வழக்கம் எழுத்தாளருடையதன்று, தொழில்புரிவோருடையது. அளவைத் துல்லியமாக்கும் அறிவு 19ஆம் நூற்றாண்டிலேயே நிறைவுற்றது.

இராயல் சொசைட்டியின் பங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. உழவர், குப்பி ஊதுவோர், மதுத் தொழிலாளர் ஆகியோரின் கைப்பழக்கத்தை ஏட்டில் ஏற்றியதால்தான் அது இன்று ஆய்வுக்குக் கிட்டுகிறது. ஆனால் ஏட்டில் ஏறும்போதே கைப்பழக்கம் தன் உரியவரை இழந்து எழுதியவரின் பெயரைப் பெறுகிறது. சோமர்செட்டில் குப்பிக்குள் சர்க்கரைக் கட்டியை இட்டவரின் பெயர் பீலின் குறிப்பில் இல்லை. தொழில்நுட்பங்களின் தோற்றத்தை ஆராய்வோர் ‘முதலில் எழுதியவர் யார்’ என்ற வினாவோடு நில்லாது, ‘அவர் யாரைக் கண்டு எழுதினார்’ என்ற வினாவையும் அதே ஏட்டிடம் எழுப்புதல் வேண்டும்.